ஒரே மோட்டார், ஒரே பேட்டரி

மோட்டாரைப் பிரித்து மாற்றக் கூடாது. பேட்டரியிலும் கை வைக்கக் கூடாது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய மின்கார்களை ஓட்டும் பந்தயத்தில் இவை இரண்டும் மீற முடியாத விதிகள். எல்லா அணிக்கும் ஒரே வகை 24 வோல்ட் மோட்டார், ஒரே வகை 12 வோல்ட் பேட்டரி இரண்டு. வசதியான பள்ளி என்பதற்காகப் பெரிய மோட்டார் கிடைக்காது. அப்படியிருந்தும் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே கார்களுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடுகிறது. முடியும்போது முதல் காருக்கும் கடைசிக் காருக்கும் பல சுற்றுகள் வித்தியாசம் இருக்கும். எல்லாருக்கும் சக்தி சமம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டுப் பாடம்.

பந்தயத்தை நடத்துவது கிரீன்பவர் எஜுகேஷன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. 1999-இல் இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள குட்வுட் பந்தயச் சாலையில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்கள் ஏறி இறங்கிய தளம் அது. விமானத் தளத்தைச் சுற்றியிருந்த சாலையே 1948-இல் பந்தயச் சாலையானது. ஒரு சுற்று 3.8 கிலோமீட்டர். ஃபார்முலா ஒன் வீரர்கள் பாய்ந்து போன அதே வளைவுகளில், சைக்கிள் சக்கரம் பூட்டிய சின்னஞ்சிறு கார்கள் சத்தமில்லாமல் போகின்றன. உள்ளே தலைக்கவசமும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். 11 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு எஃப்24 என்ற பிரிவு, அதற்கு மேல் 25 வயது வரை எஃப்24 பிளஸ். 9 முதல் 11 வயதுச் சிறுவர்களுக்கும் கைக்கு அடக்கமான ஒரு கார் உண்டு. அதற்குப் பெயர் காப்ளின். நம் ஊர்க் கணக்கில் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பேனர் பிடிக்கிறார்கள்.

யார் உச்ச வேகத்தைத் தொட்டார்கள் என்பது இந்தப் பந்தயத்தில் கணக்கில்லை. எஃப்24 பிரிவில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் அதிகத் தொலைவு போன கார் வெல்லும். இடையில் ஓட்டுநரையும் மாற்றியாக வேண்டும். எனவே ஒரு பிள்ளையின் சாமர்த்தியத்தில் மட்டும் பந்தயம் முடிந்துவிடாது.

இரண்டு பேட்டரியிலும் சேர்த்து எவ்வளவு மின்சாரம் இருக்கிறது? பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் அளவு சுமார் 36 ஆம்பியர்-மணி. 24 வோல்ட்டால் பெருக்கினால் 864 வாட்-மணி. வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. அதாவது முழுதாக ஒரு யூனிட்கூட இல்லை. அந்த 864-உம் கைக்கு வராது என்பதுதான் அடுத்த சிக்கல். இந்தப் பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்த அறிவியலும் அங்கேதான் இருக்கிறது.

கிராமத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன மோட்டார் வைத்து மெல்ல இறைத்தால் நாள் முழுக்கத் தண்ணீர் வரும். பக்கவாட்டு ஊற்றிலிருந்து கசிந்து வரும் நீர் இறைப்பதை ஈடுகட்டிவிடும். அதே கிணற்றில் பெரிய மோட்டாரை இறக்கிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அடிமண் தெரியும். மண்ணுக்குள் நீர் இல்லாமலில்லை. அது ஊறி வர அவகாசம் இல்லை, அவ்வளவுதான். நிறுத்தி வைத்துவிட்டு மாலையில் போய்ப் பார்த்தால் மறுபடி முழங்கால் அளவு நீர் நிற்கும்.

ஈய-அமில பேட்டரியும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தவை. அந்தத் துளைகளுக்குள் கந்தக அமிலம் போய்ச் சேர்ந்தால்தான் வேதிவினை நடக்கும், மின்சாரம் வரும். மெல்ல எடுத்தால் அமிலம் உள்துளை வரை ஊறிச் செல்ல நேரம் கிடைக்கும். தகடு முழுவதும் வேலை செய்யும். சட்டென்று நிறைய எடுத்தால் மேற்பரப்பில் உள்ள அமிலம் தீர்ந்துவிடும், உள்ளிருக்கும் ஈயம் பயன்படாமலே கிடக்கும், மின்னழுத்தம் சரியும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி சற்று உயிர் வருவதும் இதனால்தான். பேட்டரி மேல் எழுதப்படும் 36 என்ற எண்ணே வழக்கமாக 20 மணி நேரம் மெல்ல எடுத்துப் பார்த்துக் குறிப்பது. 1.8 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும். 20 ஆம்பியர் வீதம் எடுத்தால்? நேர்க் கணக்குப்படி 1.8 மணி நேரம், அதாவது 108 நிமிடம் வர வேண்டும். உண்மையில் 70 நிமிடத்தைத் தாண்டுவதே கஷ்டம். ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட் 1897-இலேயே இதை ஒரு சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார். அவர் பெயரால் வழங்கும் அந்த விதியைப் பொறியியல் மாணவர்கள் கல்லூரியில் படிப்பார்கள். இந்தப் பிள்ளைகளோ பதின்மூன்று வயதில், பந்தயச் சாலையின் நடுவே கார் நின்றுபோன அன்று அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஈய-அமில பேட்டரி இன்று நேற்று வந்ததல்ல. பிரான்ஸின் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் உருவாக்கியது. பெட்ரோல் கார்கள் தடுமாறிக்கொண்டிருந்த 1899-ஆம் ஆண்டில், பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீய் ஜெனாட்ஸி என்பவர் பேட்டரியில் ஓடும் காரில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். சாலை வாகனம் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்தது அதுவே முதல் முறை. வேகம் காட்டுவது அன்றே முடிந்த காரியம். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போவதுதான் இன்றும் சவால்.

அந்த மின்சாரம் எங்கே செலவாகிறது? சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் காருக்கு இரண்டே செலவு. ஒன்று காற்றைத் தள்ளுவது, மற்றொன்று சக்கரத்தை உருட்டுவது. பிள்ளையோடு சேர்த்து 130 கிலோ எடையுள்ள, ஓரளவு நன்றாகச் செய்த கார் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு ஏறக்குறைய 140 வாட், உருளும் சக்கரத்துக்கு 95 வாட் போகிறது. மோட்டாரிலும் செயினிலும் கால் பங்கு வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 315 வாட் எடுக்க வேண்டும். அது ஏறத்தாழ 13 ஆம்பியர். ஒன்றரை மணி நேரத்துக்கு பேட்டரி தாங்கும். தொலைவு 67 கிலோமீட்டர்.

சரி, இன்னும் 10 கிலோமீட்டர் வேகம் கூட்டி 55-இல் போகலாம் என்று ஓட்டுநர் நினைத்தால்? காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 140 வாட்டாக இருந்தது 256 வாட் ஆகிவிடுகிறது. மொத்தத்தில் பேட்டரியிலிருந்து 500 வாட் எடுக்க வேண்டியிருக்கிறது. 20 ஆம்பியரைத் தாண்டுகிறது. கிணறு வற்றிவிடும். எழுபதாவது நிமிடத்தில் கார் நின்றால் போன தொலைவு 64 கிலோமீட்டர். மெதுவாகப் போன கார் அதைக் கடந்து போவதைச் சாலையோரத்தில் நின்று பார்க்கத்தான் முடியும். மிகச் சரியான வேகம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் அது வேறு. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் வேறு, குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும் நாளில் வேறு. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் அணிதான் ஜெயிக்கும். அதனால் இந்தக் கார்களில் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதற்கு அடுத்தபடியாகக் கண் வைத்திருப்பது வேகமானியின் மேல் அல்ல, ஆம்பியர் மீட்டரின் மேல்.

ஒன்றரை மணி நேரத்தில் 67 கிலோமீட்டர் போன அந்தக் கார் செலவழித்தது அரை யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். 75 வாட் மின்விசிறி ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி எடுக்கும் அளவு அது. பெட்ரோலில் அதே அளவு ஆற்றல் வேண்டுமென்றால் காபி டம்ளரில் பாதிகூட நிறையாது.

காற்றோடு நடக்கும் வழக்கில் பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு முன்பக்கத்தைக் கூராக்குவது. ராக்கெட் படத்தைப் பார்த்த பழக்கம். இந்த வேகத்தில் முன்பக்கம் உருண்டையாக இருந்தாலே போதும், பின்பக்கம்தான் முக்கியம். நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்து போனபின் ஓரத்துச் சருகுகள் அதன் பின்னால் சுழன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் முதுகு சுவர்போல வெட்டி நிற்பதால் காற்று சேர முடியாமல் சுழல்கிறது; அங்கே அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைந்த அழுத்தம் லாரியைப் பின்னோக்கி இழுக்கிறது. சருகை ஓடவைத்த சக்தி லாரியின் டீசலில் இருந்து வந்ததுதான். விரால் மீனின் உடலைப் பாருங்கள். தலை பருத்து, வால் நோக்கி மெல்லச் சிறுத்துப் போகிறது. தேர்ந்த அணிகளின் கார்களும் அந்த வடிவத்துக்கே வந்து சேர்கின்றன.

காற்றுச் சுரங்கம் இல்லாத பள்ளிக்கூடம் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. காரின் உடல் முழுக்கச் சிறு சிறு கம்பளி நூல்களை ஒட்டிவிட்டு, ஓட்டச் சொல்லிப் பக்கத்திலிருந்து வீடியோ எடுப்பது. நூல் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று ஒழுங்காகப் போகிறது. நூல் துடிக்கும் இடத்தில் சக்தி கசிகிறது. விமானப் பொறியாளர்களும் கையாளும் முறை இது. செலவு ஓர் உருண்டை நூல். உடலை மூட விளம்பரப் பலகைக்குப் பயன்படும் மெல்லிய உள்ளீடற்ற பிளாஸ்டிக் தகடே போதும் என்று பல அணிகள் அதையே மடித்து ஒட்டுகின்றன. கார்பன் இழையில் செய்பவர்களும் இருக்கிறார்கள். பணம் இங்கே கொஞ்சம் உதவும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தவறான வடிவத்தில் செய்த கார்பன் இழையைச் சரியான வடிவத்தில் மடித்த பிளாஸ்டிக் தகடு தோற்கடித்துவிடும்.

வடிவமும் எடையும் ஒத்துழைத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒரு சான்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய பேக்-கார் 2 என்ற ஹைட்ரஜன் வண்டியின் எடை வெறும் 29 கிலோ. 2005-இல் அது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான எரிபொருளில் 5,385 கிலோமீட்டர் போகும் அளவுக்குச் சிக்கனம் காட்டியது.

சக்கரங்களிலும் இதே கதைதான். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் டயர் உருள்வதோடு சாலையில் தேய்த்துக்கொண்டும் போகும். கண்ணுக்குத் தெரியாத பிசகு அது. டயரில் காற்று குறைந்தாலோ, பிரேக் தட்டில் லேசாக உரசினாலோ நாம் கணக்கிட்ட 95 வாட் ஒன்றரை மடங்காகிவிடும். இதைச் சோதிப்பதற்கும் கருவி வேண்டாம். ஒரே சரிவிலிருந்து காரை விட்டு எங்கே போய் நிற்கிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட வேண்டும். பேரிங் மாற்று, மறுபடி விடு, கோடு போடு. அலைன்மெண்ட் மாற்று, மறுபடி விடு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற சோதனை ஒழுக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகக் கற்றுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மோட்டாரைத் தொடக் கூடாது என்றாலும், அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றுவது என்பது அணியின் கையில்தான் இருக்கிறது. மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு ஜெனரேட்டராகவும் இருந்து பேட்டரிக்கு எதிராக மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகமாகச் சுற்றும் வரை அந்த எதிர்ப்பு வலுவாக இருக்கும், மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எதிர்ப்பே இல்லாததால் மின்னோட்டம் பாய்ந்து ஏறும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச்சுருளில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு. மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது கியரைக் குறைக்காமல் முக்குபவருக்குக் கால் கடுக்கும். இங்கே அந்தக் கடுப்பு வெப்பமாக வெளியேறுகிறது. அதனால்தான் அணிகள் ஒரே ஒரு பல்சக்கரத்தோடு பந்தயத்துக்கு வருவதில்லை. காலையில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு ஒரு பல் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள சக்கரத்தை மாட்டுகிறார்கள். ஒரு பல்லில் பந்தயம் கைமாறும்.

பந்தய நாள் காலையில் கார்களைச் சோதிக்கும் வேலையை இங்கே கொஞ்சம் பாராட்டியாக வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, பெல்ட் உறுதியா, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் கம்பி இருக்கிறதா, வெளியில் நிற்பவர் ஒரே தட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்தான் சாலையில் விடுவார்கள். தேறாத காரைப் பிள்ளைகள் அங்கேயே மண்டியிட்டுச் சரிசெய்ய வேண்டும். பெரியவர்கள் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காமலும் வேலையைத் தட்டிப் பறிக்காமலும் நிற்பது சுலபமல்ல.

நம் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆசிரியர்கள் சொந்தக் காசைப் போட்டு நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே வைக்கப்படும் மாதிரிகள் நடுவர் வந்து நிற்கும் பத்து நிமிடத்துக்கு இயங்கினால் போதும். விளக்கிச் சொல்லும் பிள்ளையின் பேச்சுக்கே பாதி மதிப்பெண். மின்கார் பந்தயத்தில் பேச்சுக்கு இடமில்லை. காற்று யார் பேச்சையும் கேட்காது, பேட்டரியும் கேட்காது. தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் கடந்த தொலைவு அங்கே எழுதப்பட்டிருக்கும். செயின் கழன்று பாதியில் நின்ற அணிக்கும் அதன் காரணம் கையிலேயே இருக்கும். அடுத்த பந்தயத்துக்குள் சரிசெய்யவும் நேரம் இருக்கும். தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த வாய்ப்பு உண்டு என்பது நம் தேர்வு முறையில் பிள்ளைகளுக்கு அரிதாகவே கிடைக்கும் ஒன்று.

நம்மிடம் இதற்கான அடித்தளம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்ற கார் கட்டும் போட்டிக்கு நாடெங்குமிருந்து பொறியியல் கல்லூரி அணிகள் வருகின்றன. மின்கார்களுக்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அது கல்லூரி மாணவர்களுக்கானது. பதினெட்டு வயதில் முதன்முறையாக ஸ்பேனரைத் தொடும் மாணவருக்கும், பதினொரு வயதில் தொட்டவருக்கும் உள்ள தூரம் பெரிது. பள்ளி அளவில் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்துள்ளன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானவை. ஓர் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் மானியம் உண்டு. பல இடங்களில் முப்பரிமாண அச்சு இயந்திரமும் ஆர்டினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகளும் இருக்கின்றன. அந்தப் பலகை ஒன்றோடு உரிய உணரிகளைச் சேர்த்தால் போதும், காரின் ஆம்பியரையும் வோல்ட்டையும் நொடிக்கொரு தரம் பதிவுசெய்ய.

மோட்டாருக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. மின்சைக்கிளில் மாட்டும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் இங்கே கடைகளில் கிடைக்கிறது. சக்கரமும் செயினும் பிரேக்கும் சைக்கிள் கடையில். காரின் சட்டகத்தை வெல்டிங் செய்ய ஊருக்கு ஊர் பட்டறை இருக்கிறது. பொதுச் சாலையில் பிள்ளைகள் ஓட்டக் கூடாது, ஓட்டவும் வேண்டாம். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் விளையாட்டு மைதானம் போதும்.

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் பத்துப் பிள்ளைகளை, அவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகளாக இருக்கும்படி, சேர்த்து ஓர் அணி தொடங்குங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் லேத்துப் பட்டறைக்காரரையும் சைக்கிள் கடைக்காரரையும் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியிடமும் சொல்லுங்கள், அதே மோட்டாரையும் அதே பேட்டரியையும் வாங்கச் சொல்லி. இரண்டு கார்கள் இருந்தால் பந்தயம் நடத்திவிடலாம்.